ஸ்டேடியத்துக்கு இடம் பார்ப்பது: எவர்டன் அலைந்த இருபது ஆண்டுகள்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் இரண்டு பெரிய கால்பந்து கிளப்புகள் உண்டு. சிவப்புச் சட்டைக்காரர்கள் லிவர்பூல், நீலச் சட்டைக்காரர்கள் எவர்டன். எவர்டன் 1892 முதல் 2025 வரை கூடிசன் பார்க் என்ற ஒரே மைதானத்தில் ஆடியது. இப்போது மெர்சி ஆற்றங்கரையில் 52,000-க்கும் மேற்பட்டோர் உட்காரக்கூடிய ஹில் டிக்கின்சன் ஸ்டேடியத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அதைக் கட்டி முடிக்க ஏறக்குறைய நான்கு ஆண்டு ஆனது. எங்கே கட்டுவது என்று முடிவு செய்யத்தான் இருபது ஆண்டு பிடித்தது. நடுவில் மூன்று இடங்கள் அறிவிக்கப்பட்டன, படம் வரையப்பட்டன, ரசிகர்களை இரண்டு கட்சியாகப் பிரித்தன, கடைசியில் கைநழுவிப் போயின.

ஒரு தொழில்முறைக் கிளப் தன் ஸ்டேடியத்துக்கு எப்படி இடம் தேர்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு இந்த அலைச்சலைப் பார்க்கச் சொல்வேன். கிடைத்த இடத்தை விடக் கிடைக்காமல் போன இடங்கள்தான் அதிகம் கற்றுத் தருகின்றன. குறையே இல்லாத மனை என்று ஒன்று கிடையவே கிடையாது. எல்லா மனைக்கும் ஏதோ ஒரு கோளாறு இருக்கும். பணத்தைக் கொட்டினால் தீர்கிற கோளாறா, எவ்வளவு கொட்டினாலும் தீராத கோளாறா என்று பிரித்துப் பார்ப்பதில்தான் வேலை முழுக்க இருக்கிறது.

முதலில், ஏன் கிளம்ப வேண்டும்?

கிளப்புகள் ஆசைப்பட்டு இடம் மாறுவதில்லை. இருக்கும் இடத்திலேயே கேலரியை உயர்த்தி, அகலப்படுத்திக்கொள்ள முடிந்தால் அதுதான் எல்லோருக்கும் சௌகரியம். ரசிகனுக்குப் பழகிய தெரு, பழகிய இருக்கை, பழகிய பப். கிளப்புக்கும் புதிதாக மனை வாங்குகிற செலவில்லை.

கூடிசன் பார்க்கில் அதற்கு வழியில்லை. சுற்றிலும் ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் வீடுகளின் வரிசைகள். ஒரு மூலையில் புனித லூக்கா தேவாலயம், கிட்டத்தட்ட மைதானத்துக்குள்ளேயே நுழைந்து நிற்கும். பக்கத்திலேயே பள்ளிக்கூடம். எந்தப் பக்கம் கேலரியை நீட்டினாலும் யாருடைய கூரையிலோ போய் முட்டும்.

இது எவர்டனின் தனிப்பட்ட துரதிர்ஷ்டம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட பெரும்பாலான ஆங்கில மைதானங்கள் தொழிலாளர் குடியிருப்புகளின் நடுவில்தான் முளைத்தன. சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் நடந்தே வருகிற கூட்டத்துக்காக அமைந்தவை அவை. நின்றுகொண்டு பார்க்கும் காலம் வரை அந்த நெருக்கடி யாரையும் உறுத்தவில்லை. 1989-ல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். அதை விசாரித்த டெய்லர் அறிக்கை 1990-ல் வெளிவந்தது. மேல்நிலை லீக்குகளின் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை கட்டாயம் என்று ஆனது. நின்ற இடத்தில் நாற்காலி போட்டால் ஆள் கொள்ளளவு சுருங்கும். டிக்கெட் வருமானமும் சேர்ந்து சுருங்கும். தொண்ணூறுகளில் மிடில்ஸ்பரோ, சண்டர்லேண்ட், டெர்பி, போல்டன் என்று கிளப்புகள் வரிசையாக வீடு மாறியதற்கு இது முக்கியமான காரணம்.

கூடிசனில் இன்னொரு சங்கடமும் இருந்தது. பழைய கேலரிகளின் கூரையைத் தூண்கள் தாங்கின. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பாதி ஆட்டம் கழுத்தை வளைத்துத்தான் பார்க்க வேண்டும். நிறுவனங்களுக்கு விற்கிற சொகுசு இருக்கைகளுக்கும் விருந்து அறைகளுக்கும் இடம் மிகக் குறைவு. இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான ப்ரீமியர் லீக்கில் ஆடும் இன்றைய கிளப்புக்கு ஆட்ட நாள் வருமானத்தில் பெரிய பங்கு அங்கிருந்துதான் வருகிறது. ரசிகர்களுக்கு இதைச் சொன்னால் பிடிக்காது. ஆனாலும் கணக்கு அப்படித்தான்.

கூடிசனுக்குப் பக்கத்திலுள்ள ஸ்டான்லி பூங்காவுக்கு அந்தப் பக்கம், ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் இருக்கும் லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டிலும் இதே சிக்கல் இருந்தது. லிவர்பூல் கிளப் அந்தப் பூங்காவில் புது ஸ்டேடியம் கட்டத் திட்டம் போட்டு, 2012-ல் அதைக் கைவிட்டு, இருக்கும் மைதானத்தையே விரித்தது. அதற்குச் சுற்றியுள்ள வீடுகள் ஒவ்வொன்றாக வாங்கப்பட்டன. பல ஆண்டுகள் ஜன்னலில் தகரம் அடித்த காலி வீடுகளாகவே அந்தத் தெருக்கள் கிடந்தன. மிச்சமிருந்த குடும்பங்கள் அதற்கு நடுவில் வாழ்ந்தன. இன்று ஆன்ஃபீல்டில் 61,000 பேர் உட்காரலாம். இடம் மாறாமலே ஜெயித்த கதை என்று அதைச் சொல்கிறவர்கள் அந்தக் காலி வீடுகளையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு மனை வேண்டும்?

ஆடுகளம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். அதைச் சுற்றி விளிம்புப் புல், விளம்பரப் பலகைகள், பிறகு நாலு பக்கமும் கேலரி. ஐம்பதாயிரம் பேருக்குக் கட்டினால் கட்டடத்தின் நீளம் 200 மீட்டரைத் தாண்டிவிடும். அதற்கு வெளியே கூட்டம் நின்று, நகர்ந்து, ஆபத்து வந்தால் ஒதுங்குவதற்குத் திறந்தவெளி வேண்டும். ஒளிபரப்பு வண்டிகள், அணிகளின் பேருந்து, ஆம்புலன்ஸ் எல்லாம் பொதுக்கூட்டத்தோடு முட்டாமல் நுழைய வழி வேண்டும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, பலர் யோசிக்காதது. ஆடுகளம் ஏறக்குறைய வடக்கு தெற்காக அமைவது நல்லது. கிழக்கு மேற்காகப் போட்டால் மாலை வெயில் ஒரு கோல்கீப்பரின் முகத்தில் நேராக அடிக்கும். ஆகவே பரப்பளவு போதுமானதாக இருந்தாலும், மனை குறுக்குவாட்டில் கிடந்தால் உதவாமல் போகலாம்.

நெருக்கமான ஒரு நகரத்துக்குள் இவ்வளவு பெரிய காலி இடம் எங்கே கிடைக்கும்? செத்துப்போன தொழில்களின் இடத்தில். சண்டர்லேண்டின் ஸ்டேடியம் ஆஃப் லைட் மூடிய நிலக்கரிச் சுரங்கத்தின் மேல் நிற்கிறது. வாசலில் சுரங்கத் தொழிலாளியின் விளக்கைச் சிலையாக வைத்திருக்கிறார்கள். சவுத்தாம்ப்டன் 2001-ல் பழைய எரிவாயு ஆலை மனைக்குப் போனது. லண்டன் கிளப்பான ஆர்சனல் 2006-ல் தன் பழைய மைதானமான ஹைபரியிலிருந்து சில நூறு மீட்டர் நகர்ந்து, குப்பை மாற்று நிலையமும் தொழிற்பேட்டையும் இருந்த இடத்தில் 60,000 பேருக்குக் கட்டியது. இப்படிப்பட்ட மனை மலிவாகத் தெரியும். மண்ணில் ஊறிய தாரையும் ரசாயனத்தையும் தோண்டியெடுக்கும் பில் வரும்போதுதான் உண்மை விலை தெரியும். ஆனால் அது பணத்தால் தீர்கிற கோளாறு. அதனால்தான் கிளப்புகள் திரும்பத் திரும்ப அங்கே போய் நிற்கின்றன.

எவர்டன் பார்த்த நான்கு இடங்கள்

முதல் இடம் கிங்ஸ் டாக் என்ற பழைய கப்பல்துறை. லிவர்பூல் நகர மையத்தை ஒட்டிய ஆற்றங்கரை. ரயில், பேருந்து, கடைத்தெரு எல்லாம் நடக்கிற தூரம். மூடித் திறக்கும் கூரையோடு 55,000 பேருக்கு அரங்கம் என்று பேசினார்கள். என்னைக் கேட்டால் நான்கில் இதுதான் சிறந்த மனை. கிளப் தன் பங்காக 30 மில்லியன் பவுண்டு கொண்டுவர வேண்டியிருந்தது. அது புரளவில்லை. 2003-ல் திட்டம் சரிந்தது. அதே இடத்தில் பிறகு இசை நிகழ்ச்சிகள் நடக்கும் உள்ளரங்கம் ஒன்று வந்து 2008-ல் திறக்கப்பட்டது. இன்று ஒரு நல்ல ஆட்டக்காரரை வாங்கவே 30 மில்லியன் போதாது என்று நினைக்கும்போது எவர்டன் ரசிகர்கள் பெருமூச்சு விடுவது நியாயம்தான்.

இரண்டாவது, கிர்க்பி. லிவர்பூலின் வடகிழக்கில், நகர எல்லைக்கு வெளியே, நோஸ்லி என்ற அடுத்த உள்ளாட்சிக்குள் வருகிற ஊர். பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனமான டெஸ்கோ கூட்டாளி. ஏற்பாடு இப்படி: டெஸ்கோவுக்குப் பிரமாண்டமான கடை, அந்த லாபத்தின் தயவில் எவர்டனுக்கு ஸ்டேடியம். 2007-ல் ரசிகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். சுமார் 59 சதவீதம் சரி என்றது. மீதிப் பேர் சும்மா இருக்கவில்லை. ‘எவர்டனை நம் நகரத்திலேயே வைத்திருங்கள்’ என்று இயக்கமே நடத்தினார்கள். மத்திய அரசு பொது விசாரணை நடத்தி, 2009 நவம்பரில் அனுமதி மறுத்தது. மறுத்த காரணம் கால்பந்தே இல்லை. அவ்வளவு பெரிய கடை வந்தால் பக்கத்து ஊர்களின் கடைத்தெருக்கள் படுத்துவிடும் என்பதுதான். அடுத்தவர் தோளில் ஏறிப் போகிறவர் அவர் விழுந்தால் கூடவே விழ வேண்டும்.

மூன்றாவது, வால்டன் ஹால் பார்க். கூடிசனுக்கு மிக அருகில், நகர எல்லைக்குள். 2014-ல் அறிவித்தார்கள். இடம் வசதி, தூரம் வசதி. ஆனால் அது மக்கள் காற்று வாங்கும் பூங்கா. சுற்றி வசித்தவர்கள் கிளம்பினார்கள். அவர்களில் பலர் எவர்டன் ரசிகர்கள்தான். பணக் கணக்கும் ஒட்டவில்லை. 2016-ல் கைவிடப்பட்டது.

நான்காவது, பிராம்லி-மூர் டாக். 1848-ல் திறந்த கப்பல்துறை. ஒரு காலத்தில் நிலக்கரி ஏற்றுமதியால் பரபரத்த இடம். துறைமுகத் தொழில் ஆற்றின் முகத்துவாரத்தை நோக்கி நகர்ந்த பிறகு ஓய்ந்து கிடந்தது. பீல் என்ற நிறுவனத்தின் கையில் இருந்தது. 2017-ல் அதனோடு எவர்டன் உடன்பாட்டுக்கு வந்தது.

இதன் குறைகளைப் பட்டியலிட்டால் ஆரம்பத்திலேயே ஓடிவிடத் தோன்றும். மனை என்று சொன்னாலும் அது தண்ணீர். சுற்றிலும் பாதுகாக்கப்பட்ட பழங்கால மதில்கள். அயர்லாந்துக் கடலிலிருந்து வரும் காற்று தடையில்லாமல் அடிக்கும். பக்கத்திலேயே நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். அருகிலுள்ள ரயில் நிலையம் சிறியது, கால்மணி நேர நடை. இருந்தும் இதுதான் ஜெயித்தது. மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் பொறியாளரிடம் ஒரு பதிலும், அதற்கு ஒரு விலையும் இருந்தன. கிர்க்பி நகரத்துக்குள் இல்லை என்பதற்கு எந்தப் பொறியாளரிடமும் பதில் கிடையாது.

தண்ணீரை மனையாக்குவது

கப்பல்துறையிலிருந்த மீன்களை முதலில் பிடித்து அப்புறப்படுத்தினார்கள். பிறகு கடலடியிலிருந்து உறிஞ்சிய மணலைக் கப்பலில் கொண்டுவந்து, நீரோடு கலந்து குழாய் வழியாகப் பாய்ச்சி நிரப்பினார்கள். நான்கு லட்சம் கன மீட்டருக்கும் அதிகமான மணல். அதைக் கெட்டிப்படுத்தி, அடியில் தூண்கள் இறக்கி, அதன் மேல் கட்டடம். பழைய துறைச் சுவர்களை இடிக்கவில்லை. மேற்குப் பக்கம் ஒரு நீர்வழியையும் விட்டுவைத்தார்கள், அக்கம்பக்கத் துறைகளின் தொடர்பு அறுந்துவிடாமல் இருக்க. விக்டோரியா காலத்து நீரழுத்தக் கோபுரம் ஒன்று இன்னும் அங்கேயே நிற்கிறது.

500 மில்லியன் பவுண்டு என்று தொடங்கிய பேச்சு, முடியும்போது 750 மில்லியனைத் தாண்டிவிட்டது. கிளப் கடனில் தத்தளித்தது. 2023-24 சீசனில் லீக்கின் நிதி விதிகளை மீறியதற்காக எவர்டனுக்குப் புள்ளிகள் குறைக்கப்பட்டன. ஸ்டேடியக் கடனுக்கான வட்டியை எப்படிக் கணக்கில் காட்டுவது என்பதும் அந்த வழக்கில் வாதிடப்பட்டது. பணத்தால் தீர்கிற கோளாறு என்று சொன்னேன். பணம் இருக்கிறது என்று சொல்லவில்லை.

மரபுச் சின்னம் என்ற பக்கத்தில் நடந்தது இன்னும் சிக்கலானது. லிவர்பூலின் பழைய துறைமுகப் பகுதி 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆற்றங்கரையில் உயர்கட்டடங்கள் கட்டும் பெரிய திட்டத்தின் காரணமாக 2012-லேயே அதை ‘ஆபத்தில் உள்ளவை’ பட்டியலில் போட்டுவிட்டார்கள். பிராம்லி-மூர் டாக் அந்தப் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வருகிறது. துறையை நிரப்பக் கூடாது என்று வரலாற்றுச் சின்னங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு ஆட்சேபித்தது. ஆனாலும் 2021 பிப்ரவரியில் நகரசபை ஒருமனதாக அனுமதி தந்தது; மார்ச்சில் மத்திய அரசும் குறுக்கிடுவதில்லை என்று முடிவெடுத்தது. ஜூலையில் யுனெஸ்கோ லிவர்பூலைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அப்படி நீக்கப்பட்ட மூன்றாவது இடம் அது, உலகத்திலேயே.

ஸ்டேடியம்தான் முழுக் காரணம் என்று சொல்வது தவறு, ஒரு காரணம் என்பது உண்மை. வேலியடைத்து யாரும் எட்டிப் பார்க்காமல் கிடந்த துறைக்குப் பட்டியல் இருந்து என்ன லாபம் என்று உள்ளூரில் கேட்டார்கள். வேலைவாய்ப்பு குறைந்த வட லிவர்பூலில் அந்தக் கேள்விக்கு வலு அதிகம். எனக்கும் அந்தப் பக்கமே சாய்வு. ஆனால் நிரப்பிய துறையை எளிதில் மறுபடி தோண்ட முடியாது என்று எதிர்ப்பாளர்கள் சொன்னதையும் தள்ளிவிட முடியவில்லை.

ஆட்டம் முடிந்த பிறகு என்ன நடக்கும்

புதிதாக இந்த விஷயத்தைப் படிக்கிறவர்கள் ஒன்றே ஒன்றை மட்டும் கவனித்தால் போதும் என்றால், இதைச் சொல்வேன். ஸ்டேடியத்துக்கு வருகிற கூட்டம் மூன்று மணி நேரத்தில் பரவலாக வரும். பப்பில் உட்கார்ந்துவிட்டு வருகிறவர், குழந்தையோடு சீக்கிரம் வருகிறவர் என்று தானாகவே பிரிந்துவிடும். போகிற கூட்டம் அப்படி இல்லை. நடுவர் கடைசி விசில் ஊதியதும் ஐம்பதாயிரம் பேரும் ஒரே சமயத்தில் எழுந்திருப்பார்கள். ஆகவே ஒரு இடத்தின் தகுதியை, வந்து சேரும் வசதியை வைத்துப் பார்ப்பதை விட வெளியேறும் வசதியை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு மனக்கணக்குப் போடலாம். 52,000 பேரில் மூன்றில் ஒருவர் ரயிலுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். சுமார் 17,000 பேர். ஒரு ரயிலில் 500 பேர், ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு 6,000 பேர்தான் போக முடியும். கடைசி ஆள் ஏற ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஜனவரி மாத இரவில், மழையில், தோற்ற பிறகு மூன்று மணி நேரம் வரிசையில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். ஆகவே எந்த ஒரு வழியும் தனியாகப் போதாது. பலர் நடக்க வேண்டும், சிலர் பேருந்து, சிலர் கார், சிலர் அங்கேயே ஒரு மணி நேரம் தங்கிக் கிளம்ப வேண்டும். ஸ்டேடியத்துக்கு வெளியே இசையும் சாப்பாட்டுக் கடையும் வைத்து ஆட்களைப் பிடித்து வைப்பது வியாபாரத்துக்கு மட்டும் இல்லை. அது கூட்டத்தைப் பிரித்து அனுப்பும் உத்தியும்கூட.

எவர்டனின் புது வீட்டில் மிகவும் கடினமான பகுதி இதுதான். அருகிலுள்ள சேண்ட்ஹில்ஸ் நிலையத்தில் வடக்கே போகும் ரயில் பாதைகள் வந்து சேர்கின்றன. அது நல்ல விஷயம். நிலையமே சிறியது என்பது கெட்ட விஷயம். வெளியே தடுப்புகள் கட்டி, வரிசை நிற்கத் தனி இடம் அமைத்து, தொகுதி தொகுதியாக உள்ளே விடுகிறார்கள். நகர மையத்துக்கு நடந்தே போகலாம், அரை மணிக்குச் சற்று மேலே ஆகும், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். சுற்றுவட்டாரத் தெருக்களில் ஆட்ட நாளில் வண்டி நிறுத்தக் கட்டுப்பாடு கொண்டுவந்தது நகரசபை. அங்கே கடையும் பட்டறையும் நடத்துகிறவர்கள், வாடிக்கையாளர் வண்டியை எங்கே விடுவார் என்று சண்டைக்கு வந்தார்கள்.

ஆர்சனலும் இதில் தப்பவில்லை. ஸ்டேடியத்துக்கு மிக அருகில் இருக்கும் ஹாலோவே ரோடு சுரங்க ரயில் நிலையத்தை விரிவாக்க யோசித்து, செலவைப் பார்த்துக் கைவிட்டார்கள். இன்றுவரை ஆட்ட நாட்களில் அந்த நிலையத்தைப் பயன்படுத்தக் கட்டுப்பாடு உண்டு. லண்டனில் சுற்றி வேறு நிலையங்கள் இருப்பதால் சமாளிக்கிறது.

இதைச் சரியாகச் செய்தது பிரைட்டன். 2011-ல் திறந்த அதன் ஃபால்மர் ஸ்டேடியம் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. திறந்தபோது ஆட்ட டிக்கெட்டிலேயே சுற்றுவட்டாரப் பேருந்து, ரயில் பயணமும் அடக்கமாக இருந்தது. காரில் வராதே என்று அறிவுரை சொல்வதை விட இது நன்றாக வேலை செய்தது.

ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைக்குமே?

கிடைக்கும். நெடுஞ்சாலைச் சந்திப்பு, பரந்த கார் நிறுத்தம், அக்கம்பக்கத்தில் தொல்லை என்று புகார் தர யாரும் இல்லை. நம் ஊரில் புறவழிச்சாலைக் கல்யாண மண்டபங்கள் மாதிரி. உள்ளே எல்லா வசதியும் இருக்கும். வெளியே ஒரு டீக்கடைகூட இருக்காது.

டார்லிங்டன் என்ற சிறிய கிளப்பின் கதையை இதற்குச் சொல்லலாம். நான்காம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த அந்தக் கிளப், நகர மையத்தருகே இருந்த ஃபீதம்ஸ் மைதானத்தை விட்டு 2003-ல் ஊர் ஓரத்தில் 25,000 இருக்கைகள் கொண்ட அரங்கத்துக்குப் போனது. வழக்கமாக வரும் கூட்டம் சில ஆயிரம்தான். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே கிளப் திவால் நடவடிக்கைக்குள் போனது. 2012-ல் அரங்கத்தையே விட்டு வெளியேறியது. தன் ரசிகர்கள் எத்தனை பேர், எங்கே வசிக்கிறார்கள் என்று பார்க்காமல் கட்டினால் இப்படித்தான் ஆகும். பெரிய கிளப்புகள் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களின் முகவரிகளை வரைபடத்தில் குறித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

தூரம் வேறு, ஊர் எல்லை வேறு. எவர்டன் ரசிகருக்கு கிர்க்பி போய்வர முடியாத தூரம் இல்லை. ஏராளமான எவர்டன் குடும்பங்கள் அங்கேயே வசிக்கின்றன. ஆனாலும் எதிரணி நகரத்துக்குள்ளே, நாம் எல்லைக்கு வெளியே என்ற நினைப்பைப் பலரால் தாங்க முடியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். விம்பிள்டனைப் பாருங்கள். லண்டன் கிளப்பான அதை ஐம்பது மைலுக்கு அப்பாலுள்ள மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக 2002-ல் அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் பின்னால் போகவில்லை. அதே ஆண்டு ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று சொந்தமாக ஒரு கிளப் தொடங்கி, கீழ்மட்ட லீக்கிலிருந்து ஏறிவந்து, 2020-ல் பழைய மைதானத்துக்கு வெகு அருகிலேயே ஸ்டேடியம் கட்டிக் குடியேறினார்கள்.

மனை யாருடையது, களம் எதற்கானது

வாடகைக்குப் போனால் முதலீடு குறையும். வெஸ்ட் ஹாம் 2016-ல் அப்படித்தான் லண்டன் ஒலிம்பிக் அரங்கத்துக்குப் போனது. அரங்கம் இருக்கும் ஸ்ட்ராட்ஃபோர்டு பகுதியின் ரயில் வசதி அபாரம், வாடகையும் சொற்பம். ஆனால் ஓட்டப் பந்தயத்துக்காகக் கட்டிய அரங்கம் அது. கேலரிக்கும் களத்துக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஓடுதளத்துக்கு அப்பால் உட்கார்ந்து ஐ.எஸ்.எல். ஆட்டம் பார்த்தவர்களுக்கு அந்தக் குறை உடனே புரியும். கவென்ட்ரி கிளப்பின் நிலைமை இன்னும் மோசம். தன் ஊரில் 2005-ல் திறந்த அரங்கம் தன் கையில் இல்லாததால், அரங்க உரிமையாளர்களோடு வந்த தகராறில் ஒரு சீசன் நார்தாம்ப்டனிலும், பிறகு இரண்டு சீசன் பர்மிங்காமிலும் ‘உள்ளூர்’ ஆட்டங்களை ஆட வேண்டியதாயிற்று.

எவர்டனுக்கு இந்தப் பாடம் ஆரம்ப காலத்திலேயே கிடைத்துவிட்டது. 1892 வரை அவர்கள் ஆடியது ஆன்ஃபீல்டில். வாடகையை உயர்த்திய ஜான் ஹோல்டிங்கோடு சண்டை போட்டு வெளியேறித்தான் கூடிசனுக்கு வந்தார்கள். காலியான ஆன்ஃபீல்டை வைத்துக்கொண்டு ஹோல்டிங் தொடங்கியதுதான் லிவர்பூல் கிளப்.

விட்டுப் போகும் இடம்

புது மனையைப் பற்றிய பேச்சில் பழைய மனை மறந்துவிடும். பிரைட்டனின் நிர்வாகிகள் புது இடம் கையில் வருவதற்கு முன்பே கோல்ட்ஸ்டோன் மைதானத்தை விற்றார்கள். 1997-ல் அங்கே கடைசி ஆட்டம். இப்போது அங்கே கடைகள். அடுத்த இரண்டு சீசன் எழுபது மைலுக்கு அப்பாலுள்ள ஜில்லிங்கமில் ஆடினார்கள். பிறகு 2011 வரை வித்டீன் என்ற தடகள மைதானத்தில் தற்காலிகக் கேலரிகள். ஃபால்மருக்கு 2005-ல் கிடைத்த அரசு அனுமதிகூட உத்தரவில் இருந்த ஒரு பிழையால் ரத்தாகி, 2007-ல் மறுபடி வாங்க வேண்டியிருந்தது. கையில் அனுமதி வரும்வரை பழைய சாவியைக் கொடுக்காதே என்று ஆங்கிலக் கிளப்புகள் கற்றுக்கொண்டது இவர்களிடம்தான்.

ஹைபரி வேறு மாதிரி முடிந்தது. ஆர்சனல் அதை அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றியது. அதன் கிழக்குக் கேலரியின் முகப்பு பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் இடிக்கவில்லை; ஆடுகளம் இருந்த இடம் வீடுகளுக்கு நடுவே தோட்டமாக இருக்கிறது.

கூடிசனை இடித்துவிட்டு வீடுகளும் பொதுச் சேவைக் கட்டடங்களும் கட்டுவதாகத்தான் திட்டம் இருந்தது. ஆட்ட நாள் கூட்டத்தை நம்பி வாழ்ந்த பப்புகளும் உணவுக்கடைகளும் கூடிசன் இருக்கும் வால்டன் பகுதியில் நிறைய. அவற்றின் பிழைப்பு ஒரே நாளில் ஆற்றங்கரைக்குப் போய்விடும் என்ற பயம் அங்கே பலமாக இருந்தது. 2025 மே 18 அன்று சவுத்தாம்ப்டனை 2-0 என்று வென்று ஆண்கள் அணி விடைபெற்றது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் கிளப்பின் புதிய உரிமையாளரான ஃப்ரீட்கின் குழுமம் திட்டத்தை மாற்றி அறிவித்திருந்தது: கூடிசன் இடிபடாது, எவர்டன் பெண்கள் அணியின் நிரந்தர மைதானம் ஆகும். அதுவரை பெண்கள் அணி ஆடிக்கொண்டிருந்தது எங்கே என்றால், ஆண்கள் அணிக்குக் கிடைக்காமல் போன அதே வால்டன் ஹால் பூங்காவிலுள்ள சிறிய மைதானத்தில்.

ஃப்ரீட்கின் குழுமத்திடம் இத்தாலியின் ரோமா கிளப்பும் இருக்கிறது. ரோமாவும் சொந்த ஸ்டேடியத்துக்கு இடம் தேடி அலைகிற கிளப்தான். டைபர் ஆற்று வளைவிலுள்ள டோர் டி வாலே என்ற பழைய குதிரைப் பந்தயத் திடலில் கட்டும் திட்டத்தில் பல ஆண்டுகள் செலவழித்து, 2021-ல் அதைக் கைவிட்டார்கள். இப்போது பியத்ரலாத்தா என்ற வேறு பகுதியைப் பிடித்திருக்கிறார்கள். அங்கே மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது பண்டைய ரோமானியர் காலத்து மிச்சங்கள் தட்டுப்பட்டன.